ஒரு மெய்யும் நூறு பொய்களும்: உளவுத்துறையின் மறைவறிவு ஆய்வைப் பேசும் நூல்கள் குறித்து

ஸஹீஹுல் புகாரி பாடவேளையில் இப்னு ஸய்யாத் பற்றிய நபிமொழியை நடத்திக்கொண்டிருந்தேன். மறைவான செய்திகளைச் சொல்வதாக மதீனாவில் பேசப்பட்ட சிறுவன் அவன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவனை நேரில் சந்தித்தார்கள். தம் உள்ளத்தில் ஒன்றை மறைத்து வைத்திருப்பதாகக் கூறி, அது யாதெனச் சொல்லுமாறு கேட்டார்கள். அவன் ‘துக்’ என்றான். நபியவர்கள் மறைத்து வைத்தது அத்துகான் அத்தியாயத்தின் ஒரு வசனம் என்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளின் அறிவிப்பில் வருகிறது. ஆக, அவனுக்குக் கிடைத்தது பாதிச் சொல். அவன் தனக்குரிய எல்லையைத் தாண்டப் போவதில்லை என்று கூறி நபியவர்கள் அவனை அத்துடன் விட்டுவிட்டார்கள்.

பாடம் முடியும் தறுவாயில் மாணவர் ஒருவர் எழுந்தார். “ஹஸ்ரத், அமெரிக்க இராணுவமே இப்படிப்பட்ட ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததாமே! கஷ்ஃபை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது என்று பயானில் சொல்கிறார்கள். அது சரிதானா?” என்று கேட்டார். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதன் பொருட்டு மூன்று எழுத்துகளைப் படித்தேன். முதலாவது, 1995இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று மத்திய உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்கு அளித்த மதிப்பீட்டறிக்கை. இரண்டாவது, ஜான் ரான்சன் 2004இல் வெளியிட்ட ‘ஆடுகளை வெறித்துப் பார்க்கும் மனிதர்கள்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். மூன்றாவது, ஆனி ஜேக்கப்சன் 2017இல் வெளியிட்ட ‘ஃபினாமினா’ என்னும் விரிவான வரலாறு. இக்கட்டுரை அம்மாணவருக்கு நான் கடன்பட்ட விடையாகும்.

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் காண்போம். சோவியத் ஒன்றியம் மனோசக்தியை ஆயுதமாக்க முயல்கிறது என்ற அச்சம் 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பரவியது. 1972இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஹரால்ட் புதாஃப், ரஸ்ஸல் டார்க் என்னும் இரு லேசர் இயற்பியலாளர்கள் தொடங்கிய சோதனைகளுக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது. ஓவியர் இங்கோ ஸ்வான், முன்னாள் காவல்துறை அலுவலர் பாட் பிரைஸ் முதலானோர் அவற்றில் பங்கேற்றனர். ஒருவர் அறைக்குள் அமர்ந்திருப்பார். அவர் அறியாத தொலைவிடம் ஒன்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும் தரப்படும், அல்லது வேறொருவர் அவ்விடத்திற்குச் சென்று நிற்பார். அமர்ந்திருப்பவர் தம் மனத்தில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே வரைய வேண்டும். இதற்கு ‘ரிமோட் வியூவிங்’ என்று பெயரிட்டனர். தொலைக்காணல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

1970களின் பிற்பகுதியில் இராணுவம் மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் படைத்தளத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. கிரில் ஃபிளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக் என்று பெயர்கள் மாறி, இறுதியில் ஸ்டார்கேட் என்ற பெயரில் 1995 வரை அது நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இம்முயற்சிக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாயிற்று. ஒரு வல்லரசின் படைச்செலவில் இது அற்பத் தொகை. ஆயினும் நமக்கு உரிய கேள்வி தொகையைப் பற்றியதன்று. ஒரு கூற்றை மெய்யென ஏற்பதற்கு அவர்கள் கைக்கொண்ட அளவுகோல் எது என்பதே நம் கேள்வி.

1995ஆம் ஆண்டின் அறிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று எழுத்துகளுள் இதுவே மிக வறண்ட நடையுடையது. மிகுந்த பயனுடையதும் இதுவே. ஆய்வுக்கூடச் சோதனைகளை மதிப்பிடும் பொறுப்பு புள்ளியியல் அறிஞர் ஜெசிகா அட்ஸ், உளவியல் அறிஞர் ரே ஹைமன் ஆகிய இருவரிடம் அளிக்கப்பட்டது. தற்செயலால் விளையக்கூடியதை விட அதிகமாகச் சரியான விடைகள் கிடைத்திருக்கின்றன என்பதில் இருவருக்கும் பெரிய வேறுபாடில்லை. அதன் பொருளில்தான் பிரிந்தனர். மனோசக்தி நிறுவப்பட்டுவிட்டது என்றார் அட்ஸ். எண்ணிக்கையில் ஒரு விலகல் தென்படுவதால் மட்டும் அதன் காரணம் மனோசக்தி என்று ஆகிவிடாது என்றார் ஹைமன். விடையளித்தவரின் ஓவியம் ஐந்து படங்களுள் எதனுடன் பொருந்துகிறது என்று தீர்ப்புக் கூறியவர் அத்திட்டத்தின் தலைமை ஆய்வாளரே என்பதையும் அவர் குறையாகச் சுட்டினார். வழக்காடியவரே காஜியாகவும் அமர்ந்தால் தீர்ப்பின் நிலை என்னவாகும்!

உளவுப் பயனைப் பொறுத்தவரை அறிக்கையின் முடிவு ஐயத்திற்கு இடமற்றது. தொலைக்காணலால் கிடைத்த செய்திகள் தெளிவற்றவை. எந்தவோர் உளவு நடவடிக்கைக்கும் அவை வழிகாட்டியதில்லை. வியக்கத்தக்கவை எனப்பட்ட சில சம்பவங்களில், வெளியே சொல்லப்பட்டதை விடக் கூடுதலான பின்னணித் தகவல்கள் விடையளித்தோருக்கு முன்பே கிடைத்திருந்தன என ஐயுறவும் இடமுண்டு என்றது அது. இவ்வறிக்கை குறுகிய காலத்தில், சோதனைகளுள் ஒரு பகுதியை மட்டும் கொண்டு எழுதப்பட்டது என்ற மறுப்பும் உண்டு. நேர்மை கருதி அதையும் பதிவு செய்கிறேன். ஆனால், இருபதாண்டுச் சேவையில் பயன்பட்ட ஒரேயொரு செய்தியை ஐயமறக் காட்டும் பொறுப்பு உரிமை கொண்டாடியவர்களுடையதே. வாதிப்பவரே சான்று கொணர வேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றன்றோ?

ரான்சனின் நூல் இதற்கு நேர்மாறான நடையுடையது. சுவரின் ஊடே நடந்து செல்ல முயன்ற தளபதி, வெறித்துப் பார்த்தே ஆட்டின் இதயத்தை நிறுத்த முயன்ற வீரர்கள் என்று ஒவ்வொரு பக்கமும் சிரிக்க வைக்கிறது. அச்சிரிப்பின் நடுவே ஆசிரியர் ஒரு கனமான செய்தியை வைக்கிறார். 2003க்குப் பின் ஈராக்கில் கைதிகளைக் குழந்தைப் பாடல்களை ஓயாது ஒலிக்கவிட்டு வதைத்த முறைக்கும் இவ்வேடிக்கைச் சிந்தனைகளுக்கும் உறவு உண்டென்பது அவர் வாதம். அவ்வதையைச் செய்தி ஊடகங்கள் நகைச்சுவைத் துணுக்காக்கிவிட்டன என்று அவரே வருந்துகிறார். எனினும் அவர் நூலும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது. படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது ஆடுதான். ஈராக்கியக் கைதி நிற்பதில்லை. 2009இல் இந்நூல் திரைப்படமானபோது அக்கைதிகள் நகைச்சுவையின் பின்னணிக் காட்சியாகவே சுருங்கிப்போனார்கள். அதிகாரத்தின் மடமையைக் கண்டு சிரிப்பது எளிது. ஆனால் அம்மடமைக்கு விலை கொடுத்தவரைச் சிரிப்பு மறக்கச் செய்யுமானால், அது விமர்சனமாகாது.

ஜேக்கப்சனின் நூல் உழைப்பில் பெரியது. வெளியிடப்பட்ட ஆவணங்களையும், திட்டத்தில் பங்கேற்றோருடன் நிகழ்த்திய நேர்காணல்களையும் கொண்டு எழுதப்பட்டது. அதே 2017ஆம் ஆண்டின் ஜனவரியில் சி.ஐ.ஏ. தன் பழைய ஆவணங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் வெளியிட்டது. ஸ்டார்கேட் கோப்புகளும் அவற்றுள் அடங்கும். இவ்வளவு இருந்தும், ஹதீஸ் கலை பயின்ற ஒருவனுக்கு இந்நூலில் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதில் ‘மத்ன்’ நிறைந்திருக்கிறது. ‘இஸ்னாத்’ ஆய்வு மெலிந்திருக்கிறது. சொன்னவர் யார், எப்போது சொன்னார், நிகழ்வுக்கு முன்பா பின்பா, உடனிருந்தவர் எவர், அவர் சொல்வது மெய்யானால் இலாபம் யாருக்கு என்ற வினாக்கள் ஒவ்வொரு கதையின் வாயிலிலும் நிற்க வேண்டியவை. தன் கொள்கைக்கு மக்களை அழைக்கும் ஒருவர் அக்கொள்கைக்கே வலுச்சேர்க்கும் செய்தியை அறிவித்தால், அதனை ஏற்பதில் முஹத்திஸ்கள் பலர் தயங்கினர். அவர் பொய்யர் என்பதால் அவர்கள் தயங்கவில்லை. விருப்பம் மனிதனின் நினைவையும் வளைக்கும் என்று அறிந்ததால் தயங்கினர். தம் வாழ்நாளையே தொலைக்காணலுக்கு ஈந்தவர்களின் நினைவுகளை இந்நூல் அத்தயக்கமின்றி அடுக்கிச் செல்கிறது.

எடுத்துக்காட்டாகப் பெரிதும் பேசப்படும் ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 1974இல் சோவியத் கஜகஸ்தானின் செமிபலாடின்ஸ்க் பகுதியிலிருந்த ஓர் இரகசியத் தளத்தை பாட் பிரைஸ் ‘கண்டு’ வரைந்தார். அதில் இருந்த பெரிய பளுதூக்கி ஒன்று செயற்கைக்கோள் படத்தில் இருந்ததுடன் வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருந்தது. இன்றளவும் எல்லா நூல்களிலும் அப்பளுதூக்கி நிற்கிறது. ஆனால் அவர் சொன்ன ஏனைய விவரங்களுள் பெரும்பகுதி பொருந்தவில்லை. பொருந்தாதவற்றை வரைந்து எவரும் நூலட்டையில் போடுவதில்லை.

அதே ஆண்டில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் டார்க், புதாஃப் இருவரின் கட்டுரையைத் தன் ஐயங்களையும் உடன் எழுதி வெளியிட்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர்களான டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் கம்மானும் 35 முறை முயன்றும் அம்முடிவைப் பெற இயலவில்லை. பின்னர் மூலப் பதிவுகளைப் பார்த்தபோது, எந்தப் பதிவு எந்த நாளுக்குரியது என்று காட்டிக்கொடுக்கும் குறிப்புகள் அவற்றுள் கலந்திருந்ததைக் கண்டு 1978இல் அதே இதழில் எழுதினர். குறிப்புகளை நீக்கிய பின்னும் முடிவு நிற்கிறது என்று 1980இல் மறுமொழி வந்தது. விவாதம் நீண்டது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு: திறந்த இதழில் நடந்ததால்தான் இவ்விவாதம் நடந்தது. ஃபோர்ட் மீட் தளத்தின் பூட்டிய அறைக்குள் நடந்தவற்றுக்கு இத்தகைய மார்க்ஸும் இல்லை, கம்மானும் இல்லை. இரகசியம் எதிரியிடமிருந்து மட்டும் உண்மையை மறைப்பதில்லை, தன்னிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். நம் மரபு இவ்விஷயத்தில் கூறுவது என்ன? குறிகாரர்களைப் பற்றி மக்கள் கேட்டபோது, அவர்கள் ஒரு பொருட்டே அல்லர் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். சில வேளைகளில் அவர்கள் சொல்வது நடந்துவிடுகிறதே என்று மக்கள் வினவினர். ஜின் திருட்டுத்தனமாகக் கேட்ட ஒரு மெய்ச்சொல்லை அவனது காதில் போட, அவன் அதனுடன் நூறு பொய்களைக் கலக்கிறான் என்பது நபியவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இன்ன நாளில் இன்னது சொன்னானே, அது நடக்கவில்லையா என்று மக்கள் பேசிக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லின் பொருட்டு அவனுடைய மற்றவையும் நம்பப்பட்டுவிடும் என்பது அதன் கருத்து.

இந்நபிமொழி வேலை செய்யும் விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பலித்த ஒன்று பலித்ததே இல்லை என்று அது சாதிக்கவில்லை. அந்த ஒன்றை எண்ணும் நீங்கள் நூறை ஏன் எண்ணவில்லை என்றே அது கேட்கிறது. மனிதன் ஏமாறும் வாசல் குறிகாரனின் வாயன்று. கேட்பவனின் கணக்குப் புத்தகம். பளுதூக்கியை மட்டும் நினைவில் வைத்த ஆய்வுலகம் தவறியது இவ்வாசலில்தான். இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் கண்ணாடியையும் நீர்ப்பாத்திரத்தையும் உற்றுநோக்கி மறைவானவற்றைச் சொல்வோரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவர் அதை வெறும் புரட்டென்று தள்ளிவிடவில்லை. மனித ஆன்மாவுக்கு அவ்வாறான ஒரு சாய்வு இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டே, குறிகாரனின் அறிவு குறையுடையது, ஊகம் கலந்தது, மெய்யும் பொய்யும் பிரிக்கவியலாதபடி பின்னியது என்று வரையறுக்கிறார். 1377இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நூலின் நிதானம், 1972இல் கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரிகளிடம் இருந்திருக்கலாம்.

ஆகவே, அமெரிக்க ஆய்வு கஷ்ஃபை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குவது இரு வகையில் தவறு. முதலாவது, அவ்வாய்வு எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டாவது, நிரூபித்திருந்தாலும் அது நம் அகீதாவுக்குத் தூணாக முடியாது. இறைநேசரின் கராமத் அல்லாஹ் நாடும்போது அவன் தரும் கண்ணியம். எண்களைக் கொடுத்து உத்தரவிட்டால் இயங்கும் கருவியன்று. சி.ஐ.ஏ. கோப்பின் சான்றிதழால் ஈமானுக்கு வலிமை தேடுபவர், நாளை அக்கோப்பு பொய்யானால் எங்கே போய் நிற்பார்?

இம்மூன்று எழுத்துகளும் கேட்காத வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. தொலைக்காணல் பலிக்குமா என்றே மூன்றும் கேட்கின்றன. பலித்தால் அது கூடுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம் ஊகத்தையும் துருவி ஆராய்தலையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. முதலில் மிகுதியான ஊகம், அடுத்து தஜஸ்ஸுஸ், அதற்கடுத்து புறம்பேசுதல். இவ்வரிசை தற்செயலானதன்று. ஊகித்தவன் உளவு பார்ப்பான், பார்த்தவன் பேசுவான். போரில் எதிரியின் நிலையறிவது வேறு விதி. அதற்கு ஒற்றர் அனுப்பிய முன்மாதிரி ஸீராவில் உண்டு. அங்கும் வழிமுறையைப் பாருங்கள். பத்ரில் குறைஷியரின் எண்ணிக்கையை அறிய நபியவர்கள், பிடிபட்ட தண்ணீர் சுமப்போரிடம் நாளொன்றுக்கு எத்தனை ஒட்டகங்கள் அறுக்கப்படுகின்றன என்று கேட்டார்கள். ஒருநாள் ஒன்பது, மறுநாள் பத்து என்று பதில் வந்தது. தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரம் பேர் என்று கணித்தார்கள். வஹீ பெறும் தூதர் ஒட்டகங்களை எண்ணினார். செயற்கைக்கோள் வைத்திருந்த அரசோ கண்ணை மூடி அமர்ந்தவரை நம்பியது!

1979இல் தெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்கள் பிடித்து வைக்கப்பட்டபோது, அவர்கள் எவ்வறையில் இருக்கிறார்கள் என்று ‘காணும்’ பணி ஃபோர்ட் மீட் குழுவிடம் தரப்பட்டது. இராணுவ மீட்பு முயற்சி 1980 ஏப்ரலில் எட்டு வீரர்களின் உயிரிழப்போடு ஈரானின் பாலையில் முடிந்தது. எஞ்சியிருந்த 52 பேரும் 444 நாட்களுக்குப் பின் விடுதலையானது அல்ஜீரியா நடுவராக நின்று நடத்திய பேச்சுவார்த்தையால். எதிரில் அமர்ந்து பேசியதால் கிடைத்தது, எவரும் அறியாமல் பார்க்க முயன்றதால் கிடைக்கவில்லை.

தொலைக்காணல் பிரிவு மூடப்பட்டதால் அவ்வாசை மூடப்பட்டுவிடவில்லை. அதே ஃபோர்ட் மீட் தளத்தில்தான் தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைமையகமும் உள்ளது. உலகோரின் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் அது எவ்வளவு விரிவாகத் திரட்டியது என்பதை 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அதற்குச் சற்று முன் 2011இல் நியூயார்க் நகரக் காவல்துறையின் ஒரு பிரிவு, குற்றம் எதுவும் சாட்டப்படாத முஸ்லிம்களின் பள்ளிவாசல்களையும் தேநீர்க் கடைகளையும் மாணவர் சங்கங்களையும் வேவு பார்த்து வந்தது அம்பலமானது. ஆறு ஆண்டுகளில் அப்பிரிவின் வேலையால் ஒரு துப்பும் கிடைக்கவில்லை என்று அதன் உயரதிகாரியே 2012இல் சாட்சியமளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. கருவி மாறியது; ஊகம் மாறவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாலும், கேமராவால் பார்த்தாலும், முதலில் ஐயுற்றுப் பின்னர் சான்று தேடுபவனுக்குத் தான் தேடியதுதான் தெரியும்.

பிறரை மட்டும் குற்றஞ்சொல்லி இக்கட்டுரையை முடித்துவிட மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தங்க வளையல் ஒன்று காணாமற்போனது. மை போட்டுப் பார்ப்பவரை அழைத்து வந்தார்கள். வீட்டுக்குள் வந்து போகும் பெண்ணொருத்தி எடுத்தாள் என்றார் அவர். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த ஏழை விதவையின் மேல் பழி விழுந்தது. அவர் வேலையை மட்டும் இழக்கவில்லை. தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையையும் இழந்தார். சில மாதங்கள் கழித்து அவ்வளையல் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. மை பார்த்தவரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் அவரே அழைக்கப்பட்டார். அந்த நூறு பொய்களுள் ஒன்று ஒரு பெண்ணின் மானம் என்பது எவர் ஏட்டிலும் பதியவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை பயணத்தில் தொலைந்தபோது, தண்ணீரில்லாத இடத்தில் முழுப்படையும் நின்று தேடியது. மாலை எங்கே என்று நபியவர்கள் அறிந்திருக்கவில்லை. எவர் மீதும் ஐயுறவும் இல்லை. இரவு கழிந்தது, தயம்மும் வசனம் அருளப்பட்டது. அவர் ஏறிவந்த ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடந்தது. அறியாமையை ஒப்புக்கொண்டு தேடிய அவ்விரவு உம்மத்துக்கு ஓர் அருட்கொடையைத் தந்தது.

அந்த மாணவருக்கு நான் சொல்வது இவ்வளவே. அமெரிக்கர் இருபதாண்டுகள் பார்த்ததைக் கொண்டு நம் மார்க்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நூறையும் எண்ணும் பழக்கத்தை நம் மரபிலிருந்து எடுத்து, முதலில் நம் மேடைகளிலும் நம் வீடுகளிலும் கைக்கொள்வோம். மறைவானவற்றின் திறவுகோல்கள் அவனிடமே உள்ளன, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.